கோரல் முதலா, இல்லஸ்ட்ரேட்டர் முதலா?

வணக்கம் சார்,

இருபது வருஷமாக டிடிபி சென்டர் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், ஃபிளக்ஸ் எல்லாமே கோரல் டிராவில்தான். இப்போது வேலைக்கு வரும் பையன்கள் இல்லஸ்ட்ரேட்டர் படித்துவிட்டு வந்து கோரலை இளக்காரமாகப் பேசுகிறார்கள். கோரல்தான் முதலில் வந்தது, அதைப் பார்த்துத்தான் அடோபி செய்தது என்று வாதாடிக்கொண்டிருக்கிறேன். சரிதானே?

செல்வம்

அன்புள்ள செல்வம்,

இந்த ரவுண்டில் பையன்கள் ஜெயித்துவிட்டார்கள். அடோபி கம்பெனியின் வரையும் சாஃப்ட்வேரான இல்லஸ்ட்ரேட்டர் 1987இல் ஆப்பிளின் மெக்கின்டோஷ் (மேக்) கம்ப்யூட்டருக்கு வந்தது. அடுத்த வருஷம் அதே மாதிரி வரையும் சாஃப்ட்வேரான ஆல்டஸ் ஃபிரீஹேண்ட். கனடாவின் ஒட்டாவாவிலிருந்து உங்கள் கோரல் வந்தது 1989 ஜனவரியில். நம் ஊர்க் கடைகளில் அது ஊன்றியதற்குக் காரணம் எளிது: விண்டோஸில் ஓடியது. மேக் வாங்க யாரிடம் காசு இருந்தது?

அடோபி முதலில் செய்தது வரையும் சாஃப்ட்வேர் அல்ல, போஸ்ட்ஸ்கிரிப்ட். பக்கத்தில் எது எங்கே விழவேண்டும் என்று பிரிண்டருக்குச் சொல்லும் மொழி. 1985இல் ஆப்பிளின் லேசர்ரைட்டருக்குள் அது இருந்தது. சிக்கல் என்னவென்றால், ஒரு வளைவு வேண்டுமென்றால் அதன் புள்ளிகளை எண்களாகவே எழுதவேண்டும். எந்த ஓவியர் எழுதுவார்? அடோபியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் வார்னாக்கின் மனைவி மார்வா கிராஃபிக் டிசைனர். அவர் கையால் செய்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் வார்னாக். எண்களை எழுதும் வேலையை மவுஸிடம் கொடுத்ததுதான் இல்லஸ்ட்ரேட்டர்.

முதல் பதிப்பில் வரைந்தவர்கள் பாவம். வெறும் கம்பிக்கோடுகளில்தான் வரையவேண்டும். நிரப்பிய படத்தைப் பார்க்க பிரிவியூவுக்குப் போகவேண்டும், அங்கே கை வைக்க முடியாது. திருத்த மறுபடி கம்பிக்கோட்டுக்கு. மேக்கில் 1993 வரை இதே கதைதான். ஃபிரீஹேண்டில் ஆரம்பம் முதலே படத்தைப் பார்த்தபடி திருத்தலாம்.

‘யார் முதல்’ என்று உண்மையிலேயே சண்டை போட வேண்டிய இடம், இந்த சாஃப்ட்வேர்களில் கோடு வரையும் பேனா டூலின் வளைவு. கார் பாடி வடிவமைக்கப் பிறந்த கணக்கு அது. பிரெஞ்சு கார் கம்பெனியான சிட்ரோயனில் பால் த காஸ்தல்ஜோ 1959இலேயே கண்டுபிடித்துவிட்டார். கம்பெனி ரகசியம் என்று பூட்டி வைத்தார்கள். இன்னொரு கார் கம்பெனியான ரெனோவின் பியர் பெசியே வெளியே சொன்னார். ‘பெசியே வளைவு’ என்று பெயர் அவருக்குப் போய்விட்டது.

பையன்களிடம் வெறுங்கையோடு போகவேண்டாம். ஒரே ஃபைலில் பல பக்கம் வைக்கும் வசதி கோரலின் நான்காம் பதிப்பில், 1993இலேயே வந்துவிட்டது. இல்லஸ்ட்ரேட்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆர்ட்போர்டு (அங்கே பக்கத்துக்கு அதுதான் பெயர்) எப்போது வந்தது என்று கேளுங்கள். 2008.