வீட்டில் கும்பிடுபூச்சியை வளர்த்து இனப்பெருக்கம் செய்ய வைக்க முடியுமா? பெண் பூச்சி ஆணைத் தின்றுவிடுமாமே?

முடியும். மூன்று தலைமுறை பார்த்துவிட்டேன். ஆனால் எல்லாரும் பயப்படுகிற இடம் ஒன்று, கவிழ்கிற இடம் வேறு. ஜோடி சேர்ப்பது ஒரு ராத்திரி வேலை. பொரிந்து வரும் நூற்றுச் சொச்சம் குஞ்சுக்கு மறுநாள் என்ன போடுவது என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் தோற்கிறார்கள். நானும் தோற்றேன்.

என்னிடம் இருப்பது நம்மூர் பெரிய பச்சை வகை, ஹைரோடுலா மெம்ப்ரனேசியா. சிலர் தயிர்க்கடைப் பூச்சி என்பார்கள். எங்கள் அம்மாவுக்கு அது பெருமாள் பூச்சி. “பெருமாளைப் போய் முறுக்கு டப்பாவுல அடைச்சு வச்சிருக்கியேடா” என்று இன்னமும் திட்டு விழுகிறது. முறுக்கு டப்பாவேதான். மூடியை வெட்டிவிட்டுக் கொசுவலையை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கிறேன். பூச்சியின் நீளத்தைப்போல மூன்று மடங்காவது உயரம் வேண்டும். தலைகீழாகத் தொங்கித்தான் தோல் உரிக்கும். பாதியில் பிடி நழுவி விழுந்தால் கால் கோணிவிடும், பெரும்பாலும் பிழைக்காது. உரிக்கப்போகிறது என்றால் ஒன்றிரண்டு நாள் முன்பே இரையைத் தொடாது. அப்போது உள்ளே சுவர்க்கோழி கிடந்தால் அது இதைக் கடித்துவிடும். எடுத்துவிடுங்கள்.

முதல் முட்டைக்கூட்டை ஒரு முருங்கைக் கிளையிலிருந்து கொண்டுவந்தேன். மூன்று வாரம் தண்ணீர் தெளித்துக் காத்திருந்தால், பக்கவாட்டில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் போட்டுக்கொண்டு மினுமினுக்கிற குளவிகள் வந்தன! பொடாக்ரியான் என்ற ஒட்டுண்ணிக் குளவி. கும்பிடுபூச்சி முட்டையில்தான் அதன் பிழைப்பு. குஞ்சுகளாக இருந்தால் கூட்டின் நடுவரிசை வழியாகத்தான் வெளியே வரும். வெளியில் எடுத்த கூட்டை நம்பாதீர்கள் என்பது இதனால்தான்.

ஆண், பெண் கண்டுபிடிப்பது சுலபம். வயிற்றின் அடிப்பக்கத்தில் கட்டுகளை எண்ணுங்கள். பெண்ணுக்கு 6, ஆணுக்கு 8. ஆண் ஒல்லி, உணர்கொம்பு நீளம். தொல்லை என்னவென்றால், ஒரே கூட்டில் பிறந்தாலும் ஆண்கள் முன்னாடியே பெரிதாகிவிடும். பெண் தயாராவதற்குள் இவர்களுக்கு ஆயுசு முடிந்துவிடும். அதனால் ஆண்களுக்கு இரையைக் குறைத்துச் சற்றுக் குளிர்ச்சியான இடத்திலும், பெண்களுக்குத் தாராளமாகப் போட்டு வெதுவெதுப்பான இடத்திலும் வைப்பேன். கடைசித் தோல் உரித்தபின் ஆணுக்கு இரண்டு வாரமும் பெண்ணுக்கு மூன்று வாரமும் விட்டுவிடுவது என் கணக்கு.

சாப்பாட்டை ஈ மொய்க்காமல் மூடுகிற வலைக்கூடை இருக்கிறதல்லவா, அதுதான் என் கல்யாண மண்டபம். இரண்டு நாள் பெண்ணுக்கு வயிறு புடைக்கக் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் ஒரு பெரிய வெட்டுக்கிளியை நீட்டுவேன். அது தின்று கொண்டிருக்கும்போதே ஆணைப் பின்பக்கமாக, ஒரு முழம் தள்ளி விடுவேன். சிறுவயதில் ‘ஸ்டாச்சூ’ விளையாடியிருப்பீர்கள், அதே ஆட்டம். பெண் தலையைத் திருப்பினால் ஆண் அப்படியே உறைந்துவிடும், தூக்கிய கால் தூக்கியபடி. திரும்பவும் ஓரடி. முதல் முறை 50 நிமிடம் இப்படியே போயிற்று. எனக்குத்தான் கழுத்து வலித்தது. பிறகு ஒரே பாய்ச்சலில் முதுகில் ஏறிக்கொண்டது. சில மணிநேரம் ஒட்டியே இருக்கும். ஆபத்து ஏறும்போதும் இறங்கும்போதும்தான், ஆகவே இறங்கும்வரை தூங்காமல் இருந்து ஆணை எடுத்துவிடுங்கள்.

தின்னுமா என்றால், தின்னும். பசித்த பெண் நிச்சயம் முயலும். வயிறு நிறைந்த பெண் பெரும்பாலும் விட்டுவிடும். தலையைத் தின்றாலும் ஆணின் வேலை நிற்காது. தலையில் உள்ள நரம்பு முடிச்சு ஒன்று வயிற்றுப்பகுதியின் அசைவைக் கடிவாளம் போட்டு வைத்திருக்கிறது, தலை போனால் கடிவாளமும் போய்விடுகிறது என்று கென்னத் ரோடர் என்ற பூச்சி ஆய்வாளர் 1935இலேயே காட்டினார். சீனக் கும்பிடுபூச்சியை வைத்து 2016இல் வந்த ஓர் ஆய்வில், ஆணைத் தின்ற பெண்கள் தின்னாதவற்றைவிடக் கூடுதல் முட்டை வைத்திருந்தன. இயற்கையில் சரி. என்னிடம் இரண்டே ஆண்கள் இருக்கும்போது அந்தத் தாராளம் எனக்குக் கட்டுப்படியாகாது.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் வலையில் தலைகீழாகத் தொங்கியபடி முட்டை வைத்தது. வயிற்று நுனியால் நுரையைக் கடைந்து கடைந்து அடுக்கும். தயிர்க்கடை என்ற பெயர் இதைப் பார்த்துத்தான் வந்ததோ என்று தோன்றியது. விடிவதற்குள் நுரை இறுகிப் பழுப்பாகிவிட்டது. ஒரு விஷயம்: ஆணோடு சேராத பெண்ணும் கூடு வைக்கும். அதில் எதுவும் பொரிக்காது.

ஆறாவது வாரம் காலை ஏழு மணிக்குப் பார்த்தால், கூட்டிலிருந்து மெல்லிய இழைகளில் உடைத்த சேமியாபோல ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் நெளிந்து, முதல் தோலைக் கழற்றி, காலை விரித்துக்கொண்டு ஏறிப்போனது. எண்ண முயன்று 120இல் விட்டுவிட்டேன். அன்றுதான் வாழைப்பழத் தோலைத் தட்டில் வைத்தேன், பழ ஈ வரட்டும் என்று. ஈ வந்தது, ஆனால் போதவில்லை. மூன்றாம் நாள் குஞ்சுகள் ஒன்றையொன்று தின்ன ஆரம்பித்தன. மாதக் கடைசியில் மிச்சம் 9.

பழ ஈ முட்டையிலிருந்து ஈயாக 10, 12 நாள் ஆகும். ஆகவே கூடு வைத்து நான்காவது வாரமே பாட்டில் போட்டாக வேண்டும். கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து, ஒரு சிட்டிகை பேக்கரி ஈஸ்ட் தூவி, மேலே கசக்கிய டிஷ்யூ தாள், வாயில் துணி. நான்கு நாளுக்கு ஒரு பாட்டில் வீதம் நான்கைந்து பாட்டில். ஈக்களை மாற்றும்போது பறந்துவிடாமல் இருக்க, பாட்டிலை ஐந்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் மயங்கிக் கிடக்கும். தெரிந்தவர் யாராவது கல்லூரி விலங்கியல் துறையில் இருந்தால், மரபியல் பாடத்துக்கு வளர்க்கிற குட்டைச் சிறகு பழ ஈ கிடைக்குமா என்று கேளுங்கள். அது பறக்காது, வீட்டில் சண்டையும் வராது.

இப்போதெல்லாம் 40 குஞ்சுதான் வைத்துக்கொள்கிறேன், இரண்டாவது தோல் உரித்ததும் ஆளுக்கொரு டப்பா. மற்றவை அந்த முருங்கை மரத்துக்கே போய்விடும். நீங்கள் ஜோடி தேடுவதற்கு முன், ஒரு மாதம் பழ ஈ பாட்டிலை மட்டும் ஓட்டிப் பாருங்கள். பூஞ்சை பிடிக்காமல், வீட்டில் யாரும் அதைத் தூக்கி எறியாமல் தப்பித்தால், அப்புறம் பூச்சியைத் தேடலாம்.