மேல் சொண்டு மெல்லிசாம், பில்லர் போடட்டோ அக்கா?

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயசு, புதுக்குடியிருப்பில முன்பள்ளி ஒண்டில படிப்பிக்கிறன். ஆவணியில கலியாணம், மாப்பிள்ளை ரொறன்ரோவில. போன மாசம் வீடியோ கோல்ல அவற்ர அக்கா என்னைப் பாத்திட்டு, மேல் சொண்டு சரியான மெல்லிசு, சிரிச்சா முரசும் தெரியுது, பில்லர் (சொண்டை நிரப்பிற மருந்து) போட்டா முகம் பலன்ஸா வந்திடும், இங்க எல்லாரும் செய்யினம் எண்டு சொல்லிட்டா. அதில இருந்து சிரிக்கவே கூச்சமா இருக்கு. கிளிநொச்சியில ஒரு பார்லர்ல ஊசியே இல்லாம பேனை மாதிரி ஒரு சாமானால அரை மணித்தியாலத்தில செய்யலாமாம், 5,000 ரூபா அட்வான்ஸும் குடுத்திட்டன். எனக்கு காய்ச்சல் வந்தா சொண்டில கொப்புளம் போடுறது. எதைச் செய்யிறது நல்லம்? பேர் போடாதேங்கோ.

பதில்: தங்கச்சி, வாசிச்சு முடிக்கிறதுக்கு முதலே அந்த பார்லருக்கு ஒரு கோல் எடுத்து நான் வரேல்ல எண்டு சொல்லிடுங்கோ. காசு திரும்பி வந்தா சரி, வராட்டி 5,000 ரூபாயோட போச்சுது எண்டு விடுங்கோ. மிச்சத்தை பேந்து ஆறுதலா கதைப்பம்.

உந்தப் பேனையில ஊசி இல்லைத்தான், ஆனா கூடின அழுத்தத்தால மருந்தைத் தோலுக்குள்ள அடிக்கிற சாமான் அது. ஊசியெண்டா டொக்டர் எவ்வளவு ஆழத்தில நிக்கிறார் எண்டு அவருக்குத் தெரியும், பேனைக்கு அது தெரியாது, அடிச்ச இடம் அடிச்சதுதான். அமெரிக்காவில மருந்து பாக்கிற எஃப்.டி.ஏ. 2021 ஒக்டோபரிலயே உதைப் பாவிக்காதேங்கோ எண்டு எச்சரிச்சது, கட்டி வாறது, கிருமி பிடிக்கிறது, ஒரே பேனையை கனபேருக்கு அடிக்கேக்க ஒராளின்ர வருத்தம் மற்றாளுக்குப் போறது, ரத்தக்குழாய் அடைபட்டு சதை செத்துப்போறது வரைக்கும் சொல்லியிருக்கினம். ஊசி இல்லை எண்டதால அது பாதுகாப்பு எண்டு நினைச்சீங்கள் பாருங்கோ, அங்கதான் ஆக்கள் பிழைவிடுறது.

இனி உங்கட மச்சாள் சொன்ன கதைக்கு வருவம். அவா உங்களைப் பாத்தது போன் கமராவில. போனை ஒரு அடி தூரத்தில பிடிச்சா, அஞ்சடி தள்ளி நிண்டு பாக்கிறதை விட மூக்கு கிட்டத்தட்ட 30 வீதம் அகலமாத் தெரியும் எண்டு 2018ல கணக்குப் போட்டுக் காட்டியிருக்கினம். நடுவில மூக்கு பெருத்தா அதுக்குக் கீழ இருக்கிற மேல் சொண்டு என்ன செய்யும், சின்னனாத்தான் தெரியும். முத்தத்தில வெளிச்சத்துக்கு நிண்டு, தங்கச்சியையோ அம்மாவையோ அஞ்சாறடி தள்ளி நிக்கச் சொல்லி நேரா ஒரு படம், பக்கவாட்டா ஒரு படம், சிரிச்சு ஒரு படம் எடுங்கோ. அதைப் பாத்துத்தான் மெல்லிசோ இல்லையோ எண்டு கதைக்கலாம்.

பக்கவாட்டுப் படத்தில ஒரு வேலை செய்யுங்கோ. விளக்குமாத்தில ஒரு ஈர்க்கை முறிச்சு, போன் திரையில மூக்கு நுனியில இருந்து நாடி நுனி வரைக்கும் வையுங்கோ. பல்லுக்கு கம்பி போடுற டொக்டர்மார் கனகாலமா பாக்கிற கோடுதான் அது, ரிக்கெற்ஸ் எண்ட அமெரிக்க டொக்டர் சொல்லி வச்சது. சொண்டு அந்தக் கோட்டுக்கு கொஞ்சம் உள்ளுக்க நிக்கவேணும் எண்டு அவர் சொன்னது வெள்ளைக்காரரின்ர முகத்துக்கு, எங்கட ஆக்களுக்கு கோட்டைத் தொட்டுக்கொண்டோ கொஞ்சம் வெளியிலயோ நிண்டாலும் ஒரு குறையும் இல்லை. இப்ப உங்கட சொண்டு ஏற்கனவே வெளியில நிக்குது, நாடி உள்ளுக்க போயிருக்கு எண்டு வையுங்கோ, அந்த முகத்தில பில்லரும் போட்டா நேரா பாக்க வடிவா இருக்கும், பக்கத்தால பாத்தா வாத்துச் சொண்டு. அப்பிடியான முகத்துக்கு பலன்ஸ் வேணுமெண்டா பாக்கவேண்டியது நாடியையும் பல்லையும், சொண்டையில்லை. இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்லுறன் எண்டா, பார்லரில ஒருத்தரும் உங்களைப் பக்கத்தால திருப்பிப் பாக்க மாட்டினம்.

மேல் சொண்டுக்கும் கீழ்ச் சொண்டுக்கும் 1க்கு 1.6 எண்டு ஒரு கணக்கும் சொல்லுவினம். அந்தக் கணக்குப்படி பாத்தாலும் மேல் சொண்டு கீழ்ச் சொண்டை விட மெல்லிசாத்தானே இருக்கவேணும்! மச்சாளுக்கு உதை ஆரும் சொல்லேல்ல போல.

முரசு தெரியிறது வேற விசயம். சிரிக்கேக்க 3 மில்லிமீற்றருக்கு மேல முரசு தெரிஞ்சாத்தான் அதைக் கூடுதல் எண்டு பொதுவா சொல்லுறது, அதுக்குள்ள எண்டா அது இளம் பிள்ளையளின்ர சிரிப்பு, அவ்வளவுதான். கூடத் தெரிஞ்சாலும் காரணம் ஒண்டில்லை. சிலருக்கு முரசு பல்லை மூடி வளந்து பல்லு கட்டையாத் தெரியும், சிலருக்கு மேல் தாடை நீளம், சிலருக்கு சிரிக்கேக்க சொண்டைத் தூக்கிற தசை ஓவரா இழுக்கும். முதல் ஆளுக்கு பல்லு டொக்டர் முரசைக் கொஞ்சம் வெட்டி விட்டாலே காணும். கடைசி ஆளுக்கு மூக்கடியில கொஞ்சம் பொட்டொக்ஸ் (தசையைத் தளர்த்திற ஊசி), அது மூண்டு நாலு மாசத்தில போயிடும். பில்லர் இதில எதுக்கும் நேரான மருந்தில்லை. அதால முதல்ல அரசாங்க ஆஸ்பத்திரி பல்லுக் கிளினிக்குக்கு போங்கோ, காசும் இல்லை, போய் என்ர முரசு ஏன் இப்பிடித் தெரியுது எண்டு கேளுங்கோ.

இவ்வளவும் பாத்தாப் பிறகும் இல்லை அக்கா, எனக்கு சொண்டு கொஞ்சம் நிரம்பத்தான் வேணும் எண்டா, அதில பிழை சொல்ல நான் ஆரு. ஹயலுரோனிக் அசிட் பில்லர் எண்டுறதுதான் இண்டைக்கு இருக்கிறதில ஓரளவு நம்பக்கூடியது, ஏனெண்டா அது எங்கட உடம்பிலயே இருக்கிற சாமான், ஆறு மாசத்தில இருந்து ஒரு வருசத்துக்குள்ள பெரும்பாலும் குறைஞ்சிடும், பிடிக்காட்டி ஹயலுரோனிடேஸ் எண்ட ஊசி போட்டு கரைக்கவும் ஏலும். முதல் தரம் 1 மில்லிலீற்றர் சிரிஞ்சுக்கு மேல பெரும்பாலும் தேவைப்படாது, அரைவாசி போட்டிட்டு ரெண்டு கிழமை பொறுத்துப் பாக்கிற டொக்டர்தான் நல்ல டொக்டர். சிலிக்கோன் போட்டா காலத்துக்கும் நிக்கும் எண்டு ஆரும் சொன்னா எழும்பி வந்திடுங்கோ, அதைக் கரைக்க மருந்தில்லை, வருசங்கள் கழிச்சும் கட்டி கட்டியா வரும்.

ஆனா எங்கட பக்கத்து ஆக்களுக்கு நான் பயப்பிடுற விசயம் ஒண்டு இருக்கு. சொண்டுக்குள்ள ரத்தக்குழாய் ஓடுது, மேலயும் கீழயும். பில்லர் தவறி அதுக்குள்ள போனாலோ நெருக்கினாலோ ரத்தம் நிண்டிடும். சொண்டோ மூக்கடியோ திடீரெண்டு வெளிறும், பேந்து வலை போட்ட மாதிரி நீலமா வரும், நோவு வழமையை விடக் கூட இருக்கும், பில்லரோட விறைப்பு மருந்து கலந்திருந்தா அந்த நோவும் உடன தெரியாது. அந்த நேரம் கரைக்கிற ஊசி மணித்தியாலக் கணக்கில விழவேணும். ரொறன்ரோவில மச்சாளுக்கு அப்பிடி வந்தா காரை எடுத்துக்கொண்டு அந்தக் கிளினிக்குக்கே திரும்பிப் போவா. நீங்கள் கொழும்பில போட்டிட்டு அண்டிரவே பஸ்ஸில வந்து, விடியக்காலமை வீட்டுக் கண்ணாடியில சொண்டு நீலமா நிக்கிறதைக் கண்டா? மாங்குளத்துக்கு வந்து ஏ9ல ஏறி கொழும்புக்கு போய்ச் சேர பின்னேரமாயிடும். அதால எங்க செய்தாலும் ரெண்டு மூண்டு நாள் அந்த ஊரிலயே தங்குங்கோ, கரைக்கிற ஊசி இப்ப உங்களிட்ட கையில இருக்கோ எண்டு டொக்டரை முகத்துக்கு நேர கேளுங்கோ. அதுக்கு கோவிக்கிற டொக்டர் வேண்டாம். ஆள் இலங்கை மருத்துவச் சபையில பதிஞ்சவரோ, மருந்துப் பெட்டி உங்களுக்கு முன்னால உடைச்சதோ எண்டதையும் பாருங்கோ.

சொண்டில கொப்புளம் வாறதை எழுதினது நல்ல வேலை. அது ஹேர்பிஸ் கிருமியா இருக்கலாம், ஊசி குத்தினா அது எழும்பும், முதலே மருந்து எடுக்கவேணும். டொக்டருக்கு கட்டாயம் சொல்லுங்கோ.

மற்றதுகளை சுருக்கமா சொல்லுறன். லிப் ஃபிளிப் எண்டா மேல் சொண்டு விளிம்பில துளி பொட்டொக்ஸ், சொண்டு கொஞ்சம் வெளியில மடியும், ரெண்டு மூண்டு மாசம்தான், அந்த நேரம் ஸ்ட்ரோவில உறிஞ்சிக் குடிக்க, விசில் அடிக்க கஷ்டம். மூக்குக்குக் கீழ வெட்டித் தூக்கிற லிப் லிஃப்ட் ஒப்பரேசன் 26 வயசுக்குத் தேவையில்லை, எங்கட தோலில தழும்பு தடிச்சு வாற ஆக்களும் கனபேர். சொண்டுக்கு கலர் பச்சை குத்துறது கறுத்த சொண்டில சிலநேரம் சாம்பல் நிறமா ஆறும், கலியாணத்துக்கு முன்னம் அந்த விளையாட்டு வேண்டாம்.

என்னட்டக் கேட்டா, ஆவணிக்கு முன்னம் ஒண்டும் செய்யாதேங்கோ. வீக்கம், கண்டல் எல்லாம் ஆற கிழமைக்கணக்கு போகும், பிடிக்காட்டித் திருத்த நேரமில்லை, பிறகு கலியாண அல்பத்தில காலத்துக்கும் அந்தச் சொண்டுதான். கனடாவுக்குப் போய், குளிருக்குப் பழகி, அப்பவும் உங்களுக்கு வேணுமெண்டா (மச்சாளுக்கில்லை, உங்களுக்கு) அங்க செய்யுங்கோ, வீட்டுக்கு கிட்டவா இருக்கும். ஒண்டு, பிள்ளை தங்கியிருக்கேக்கையும் பால் குடுக்கேக்கையும் உந்த ஊசியள் வேண்டாம்.

கலியாணத்துக்கு இதைச் செய்து பாருங்கோ. எங்கட ஆக்களில கனபேருக்கு மேல் சொண்டு கறுப்பு, கீழ்ச் சொண்டு ரோசா. கறுப்பு இருக்கிற இடம் கண்ணுக்கு உள்ளுக்க போகும், அதால மேல் சொண்டு இருக்கிறதை விட மெல்லிசாத் தெரியும். உங்கட மேல் சொண்டின்ர நிறத்துக்கு கிட்டவான மண்ணிற லைனரால மேல் வளைவில மட்டும் ஒரு மயிரிழை வெளியில கீறி, ரெண்டு சொண்டுக்கும் ஒரே கலர் பூசுங்கோ, நடுவில கொஞ்சம் மினுக்கம். மட் லிப்ஸ்டிக் வேண்டாம், அது சொண்டை இன்னும் ஒடுக்கும். இப்ப அடிக்கிற சோளகத்துக்கும் புழுதிக்கும் சொண்டு வெடிக்கிற காலம், நக்காம இரவில வஸலின் பூசுங்கோ, ஒரு மாசத்தில வித்தியாசம் தெரியும். படம் எடுக்கிற பொடியனுக்கு கிட்ட வந்து எடுக்காத தம்பி, தள்ளி நிண்டு சூம் பண்ணு எண்டு முதல் நாளே சொல்லி வையுங்கோ. பார்லர்க்காரி அந்த 5,000 ரூபாயைத் தராட்டி, அதுக்கு கலியாணத்தண்டு மேக்கப் போட்டு விடச் சொல்லிக் கேளுங்கோ, பேனையை மட்டும் கொண்டு வர வேண்டாமாம் எண்டு.