பறக்காத விமானத்துக்குப் பழுதே கிடையாது

கேள்வி: பிரிட்டனின் டிஎஸ்ஆர்-2, கனடாவின் ஆவ்ரோ ஆரோ, அமெரிக்காவின் எக்ஸ்பி-70 வால்கைரி. மூன்றும் காலத்தை மிஞ்சிய விமானங்கள். மூன்றையும் கொன்றது எதிரி இல்லை, அரசியல்வாதிகளும் கணக்குப்பிள்ளைகளும்தான். இவை மட்டும் படையில் சேர்ந்திருந்தால் வானத்தின் வரலாறே மாறியிருக்கும். இதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதாதது ஏன்? பயமா? மூன்றில் ஒன்றுக்கு மட்டும் உயிர் கொடுக்கலாம் என்றால் எதற்குக் கொடுப்பீர்கள்?

பதில்: பயமெல்லாம் இல்லை. அறுபது வருடத்துக்கு முன்னால் ரத்தான விமானத்துக்காக என் மேல் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. இந்த ஒப்பாரியில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. அதுவும் நீங்கள் நினைக்கிற பாதி இல்லை. அதனால்தான் எழுதவில்லை.

டிஎஸ்ஆர்-2-ல் ஆரம்பிப்போம், அதற்குத்தான் ரசிகர் மன்றம் பெரியது. பிரிட்டன் அதனிடம் கேட்டது கொஞ்சநஞ்சமில்லை. தரையை ஒட்டியே விரைந்து எதிரியின் ராடாருக்குக் கீழே நுழைய வேண்டும், உயரத்தில் மாக் 2-ஐ, அதாவது ஒலியைப்போல இரண்டு மடங்கு வேகத்தை, தாண்ட வேண்டும், கரடுமுரடான குட்டை ஓடுதளத்திலிருந்தும் கிளம்ப வேண்டும். 1964 செப்டம்பர் 27 அன்று டெஸ்ட் பைலட் ரோலண்ட் பீமான்ட் அதை முதல்முறையாக மேலே கொண்டுபோனார், சக்கரங்களைத் தொங்கவிட்டபடியே. சக்கரங்கள் ஒழுங்காக உள்ளே மடங்கியது பத்தாவது தடவை பறந்தபோதுதான். தரையைத் தொட்டால் விமானம் உதறும். ஒரு எரிபொருள் பம்பின் அதிர்வு மனிதக் கண்விழியின் இயல்பான அதிர்வெண்ணோடு போய்ப் பொருந்திவிட்டது. பைலட்டுக்குப் பார்வை மங்கும். அந்தப் பக்கத்து எஞ்சினைக் குறைத்தால்தான் கண் தெரியும். போர் விமானத்தை ஓட்டுகிறவருக்கு வந்த சோதனையைப் பாருங்கள்.

அதே விமானம் 1965 பிப்ரவரி 22 அன்று என்ன செய்தது தெரியுமா? கூடுதல் எரிபொருளை எரித்து உந்தும் ஆஃப்டர்பர்னர் இல்லாமலே ஒலியின் வேகத்தைத் தொட்டது. அப்புறம் பீமான்ட் இரண்டு எஞ்சின்களில் ஒன்றில் மட்டும் ஆஃப்டர்பர்னரைப் பற்றவைத்தார். கூடவே பறந்துவந்த லைட்னிங் பின்தங்கிப் போனது. அது சாதாரண விமானம் இல்லை, அந்தக் காலத்துப் பிரிட்டனின் அதிவேகப் போர் விமானம். ஆஃப்டர்பர்னரைப் போட்டுத்தான் அது முன்னால் போனவரைப் பிடிக்க முடிந்தது. ரசிகர்கள் லைட்னிங் கதையை மூச்சுவிடாமல் சொல்வார்கள். பம்பு கதையைச் சொல்ல மாட்டார்கள்.

1965 ஏப்ரல் 6 அன்று பட்ஜெட் உரையோடு திட்டம் முடிந்தது. அதுவரை பறந்தது ஒரே ஒரு விமானம், 24 தடவை, எல்லாம் சேர்த்து சுமார் 13 மணி நேரம். எட்டிய உச்ச வேகம் மாக் 1.12. இந்த 13 மணி நேரத்தை வைத்துக்கொண்டுதான் ‘வரலாறே மாறியிருக்கும்’ என்கிறீர்கள்.

பிழைத்துக்கொண்ட ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட அதே வேலைக்கு அமெரிக்கா செய்தது எஃப்-111. டிஎஸ்ஆர்-2-ஐக் கைவிட்ட பிரிட்டன் வாங்கப்போவதாகச் சொன்னதும் அதைத்தான் (1968 ஜனவரியில் அதுவும் வேண்டாம் என்றார்கள், அது தனி வேடிக்கை). அந்த வருடம் மார்ச்சில் ஆறு எஃப்-111-களை வியட்நாம் போருக்கு அனுப்பினார்கள். சில வாரங்களுக்குள் மூன்று போய்விட்டன. அன்றைக்கே மூட்டை கட்டியிருந்தால் இன்று அதற்கும் நீங்கள் கண்ணீர் விட்டிருப்பீர்கள். மூட்டை கட்டவில்லை. திட்டு வாங்கிக்கொண்டே ஒவ்வொரு கோளாறாகச் சரிசெய்தார்கள். 1972-ல் மறுபடியும் அதே போருக்கு அனுப்பினார்கள், இந்தத் தடவை வேலையைச் செய்தது. ஆஸ்திரேலியா 2010 வரை அதை வைத்திருந்தது. நீங்கள் சொல்லும் ‘முழுத் திறன்’ அதற்கு வந்தது இப்படித்தான், பல வருடம் பழுது பார்த்துப் பார்த்து. டிஎஸ்ஆர்-2 அந்த அவமானக் காலத்தைக் கடக்கவே இல்லை. அதனால்தான் அது உங்கள் மனதில் இன்னும் மாசு மருவில்லாமல் நிற்கிறது.

அடுத்து வால்கைரி, குண்டுவீச்சு விமானம். பார்க்க அழகு, அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆறு எஞ்சின், வெள்ளைக் கழுத்து, வேகம் கூடக்கூடக் கீழே மடங்கும் இறக்கை நுனிகள். ஒலியைப்போல மூன்று மடங்கு வேகத்தில், 70,000 அடி உயரத்தில் போனால் யாராலும் தொட முடியாது என்பதுதான் திட்டம். ஆனால் 1960 மே 1 அன்று, கிட்டத்தட்ட அதே உயரத்தில் போன யு-2 உளவு விமானத்தைச் சோவியத் ஏவுகணை வீழ்த்தியது. யு-2 மெதுவாகப் போகிற விமானம்தான், இருந்தாலும் உயரம் மட்டும் கவசமாகாது என்பது எல்லோருக்கும் புரிந்துபோனது. இனி ராடாருக்குக் கீழே தாழப் பறக்க வேண்டும். தாழப் பறந்தால் வால்கைரியால் ஒலி வேகத்தைத் தாண்ட முடியாது. அப்படியானால் கையில் இருக்கும் பழைய குண்டுவீச்சு விமானம் பி-52 எதற்கு இளைத்தது? ஐசன்ஹோவர் 1959-லேயே திட்டத்தைச் சுருக்கியிருந்தார். 1961-ல் கென்னடி குண்டுவீச்சு விமானம் என்ற எண்ணத்துக்கே முற்றுப்புள்ளி வைத்து, ஆராய்ச்சிக்கு மட்டும் விட்டார். இதைக் கொலை என்று என்னால் சொல்ல முடியவில்லை. வால்கைரி யாருடைய இடத்தைப் பிடிக்க வந்ததோ, 1952-ல் முதலில் பறந்த அந்தக் கிழட்டு பி-52 இன்னும் பணியில் இருக்கிறது.

ஆராய்ச்சிக்கு விட்டதால் ஒரு நல்லது நடந்தது. சொன்னதற்கும் செய்ததற்கும் உள்ள தூரம் தெரிந்தது. முதல் விமானம் 1965 அக்டோபர் 14 அன்று மாக் 3-ஐத் தொட்டது. தொட்ட அன்றே இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு துண்டு பிய்ந்து போனது. அதற்கப்புறம் அதற்கு மாக் 2.5-தான் எல்லை. இரண்டாவது விமானம் அந்தக் குறைகளைச் சரிசெய்து கட்டப்பட்டது. 1966 ஏப்ரல் 30 அன்று அதன் மூக்குச் சக்கரம் சிக்கிக்கொண்டு, பாதி வெளியே பாதி உள்ளே என்று நின்றது. ஓடுதளத்தில் பின்சக்கரங்களைத் தட்டிப் பார்த்தார்கள், அசையவில்லை. கடைசியில் துணை விமானி ஜோ காட்டன் காக்பிட்டுக்குப் பின்னால் ஊர்ந்துபோய், தன் பெட்டியிலிருந்த பேப்பர் கிளிப்பை வளைத்து, ஒரு ரிலேயின் (மின்சுவிட்சின்) இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தார். சக்கரம் இறங்கியது. கோடிக்கணக்கான டாலர் விமானம் ஒரு கிளிப்பில் பிழைத்தது. அடுத்த மாதமே, மே 19 அன்று, அதே விமானம் அரை மணி நேரத்துக்கும் மேல் மாக் 3-ல் நிலைத்துப் பறந்தது. ஜூன் 8 அன்று விளம்பரப் படம் எடுப்பதற்காக மற்ற விமானங்களோடு நெருங்கிப் பறந்தபோது எஃப்-104 போர் விமானம் ஒன்று உரசி, இரண்டும் விழுந்தன. எஃப்-104-ல் இருந்த ஜோ வாக்கரும், வால்கைரியின் துணை விமானி கார்ல் கிராஸும் இறந்தார்கள். போட்டோவுக்காக. இதில் எந்த அரசியல்வாதியும் இல்லை, எந்தக் கணக்குப்பிள்ளையும் இல்லை.

வராத இந்த வால்கைரிக்குப் பயந்தும்தான் சோவியத் யூனியன் மிக்-25 போர் விமானத்தைக் கட்டியது. அமெரிக்கா செய்த வால்கைரி இரண்டு. சோவியத் செய்த மிக்-25 ஆயிரத்துக்கும் மேல். நீங்கள் கேட்ட ‘வரலாறு மாறுவது’ இப்படியும் நடக்கும்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றை நானே சேர்க்கிறேன். இந்தியாவின் எச்எஃப்-24 மாருத் போர் விமானம். ஜெர்மனியின் கர்ட் டாங்க், நம் அரசு விமான நிறுவனமான ஹெச்ஏஎல்லுக்காக வடிவமைத்தது; 1961 ஜூன் 17 அன்று பறந்தது. அது எதிர்பார்த்திருந்த ஆர்ஃபியஸ் 12 எஞ்சினைப் பிரிட்டன் கிடப்பில் போட்டது. உருவாக்கும் செலவை ஏற்க இந்தியாவும் தயாராக இல்லை. வண்டி தயார், மாடு வரவில்லை. ஆஃப்டர்பர்னர் இல்லாத பழைய ஆர்ஃபியஸ் 703-ஐ வைத்தே 147 விமானங்கள் செய்தார்கள். வேறு எஞ்சின் தேடியபோது ஒரு மாருத் எகிப்துவரை போய், அங்கே உருவான இ-300-ஐச் சுமந்து பறந்து பார்த்தது. முதன்முதலில் மாருத்தை ஓட்டிய சுரஞ்சன் தாஸ், ஆஃப்டர்பர்னர் பொருத்திய மாதிரி ஒன்று 1970 ஜனவரியில் விழுந்தபோது இறந்தார். விமானம் என்றாலே இறக்கையையும் மூக்கையும் வர்ணிக்கிறோம். இப்படிப்பட்ட கதைகளில் பாதி எஞ்சின் அறையில்தான் முடிகிறது.

அமெரிக்க நிறுவனம் நார்த்ராப்பின் பறக்கும் இறக்கையையும் கேட்பீர்கள். ஒய்பி-49, 1947. வால் கிடையாது, நிலையாகப் பிடித்து ஓட்டுவது பெரும்பாடு. 1948 ஜூனில் ஒன்று விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவரான கிளென் எட்வர்ட்ஸின் பெயர்தான் பின்னால் சோதனை நடந்த விமானப்படைத் தளத்துக்கே வைக்கப்பட்டது. அதே வடிவம், அதே 172 அடி அகலத்தில், 1989-ல் பி-2 குண்டுவீச்சு விமானமாகப் பறந்தது. இந்தத் தடவை பிடித்து நிறுத்தக் கம்ப்யூட்டர் இருந்தது. 1947-ல் அந்தக் கம்ப்யூட்டரைத் தராமல் மறைத்து வைத்தது எந்த அரசியல்வாதி?

சரி, உடன்படும் பாதிக்கு வருகிறேன்.

எதிரியின் குண்டுவீச்சு விமானங்களை மறிப்பதற்கான ஆவ்ரோ ஆரோவை வாங்காமல் விட்டதற்குக் கனடாவிடம் காரணம் இருந்தது. விலை ஏறிக்கொண்டே போனது, வெளியில் வாங்க ஆளில்லை. அது முதன்முதலாகக் கொட்டகையை விட்டு வெளியே வந்தது 1957 அக்டோபர் 4. அதே நாளில்தான் உலகின் முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் மேலே போனது. குண்டுவீச்சு விமானங்களின் காலம் முடிந்தது, இனி ஏவுகணைகளின் காலம் என்று தலைவர்கள் நினைத்ததில் ஆச்சரியமில்லை. (நினைத்தவர்களே 1961-ல் அமெரிக்காவிடமிருந்து பழைய எஃப்-101 போர் விமானங்கள் 66 வாங்கியதைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம், நானும் கூடச் சிரிக்கிறேன்.) 1959 பிப்ரவரி 20 அன்று பிரதமர் டீஃபன்பேக்கர் ரத்து செய்தார். சுமார் 14,500 பேருக்கு அன்றே வேலை போனது. அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்ட எஞ்சினியர்கள் நாசாவுக்குப் போனார்கள், அவர்களில் ஒருவரான ஜிம் சேம்பர்லின் ஜெமினி விண்கலத்தையே வடிவமைத்தார். திறமை வீணாகவில்லை, கனடாவைவிட்டுப் போனது.

இதுவரைகூட எனக்குப் பொறுக்கும். பொறுக்காதது அதற்கப்புறம் நடந்ததுதான். பறந்த ஐந்து விமானங்களையும், கட்டிக்கொண்டிருந்தவற்றையும் தீ வைத்து அறுத்துத் துண்டு போட்டார்கள். வரைபடங்களையும் அழித்தார்கள். பறந்த அந்த ஐந்திலும் இருந்தது அமெரிக்காவின் ஜே75, கடன் வாங்கிய எஞ்சின். ஆரோவுக்கென்றே கனடா செய்த இராக்வா எஞ்சின் பி-47 குண்டுவீச்சு விமானம் ஒன்றின் ஓரத்தில் தொங்கிப் பறந்ததோடு சரி. அதைத் தாங்கப்போகிற முதல் ஆரோ, ஆர்எல்-206, ஓடுதளச் சோதனைக்குக் கிட்டத்தட்ட தயாராக நின்றது. டிஎஸ்ஆர்-2-இன் இரண்டாவது விமானமும் ரத்தான அதே நாளில் முதல்முறை பறக்கவிருந்ததுதான். வாங்க வேண்டாம், படையில் சேர்க்க வேண்டாம். வால்கைரிக்குக் கொடுத்த மாதிரி இரண்டு வருடம் ஆராய்ச்சிக்கு விட்டிருந்தால் போதும். சொன்ன வேகம் வந்ததா, இல்லை அதிலும் ஒரு துண்டு பிய்ந்து போனதா என்றாவது தெரிந்திருக்கும். நாம் இரண்டு பேரும் இப்படிச் சண்டை போட்டுக்கொண்டிருக்க மாட்டோம்.

எதற்கு உயிர் கொடுப்பேன் என்று கேட்டீர்கள். ஆர்எல்-206. ஒரே ஒரு பிற்பகலுக்கு. அதன் மூக்கும் காக்பிட்டும் ஒட்டாவாவில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இராக்வா உட்கார வேண்டிய பின்பாதி அறுபட்டுப் பழைய இரும்போடு போய்விட்டது.