பயிற்சியில் தாண்டுகிறான், போட்டியில் ஃபவுல்

கேள்வி: பிளஸ் 1 படிக்கும் என் மகன், நீளம் தாண்டுதல் பயிற்சியில் 6.20 மீட்டர் வரை தாண்டுகிறான். மாவட்டப் போட்டியில் முதல் இரண்டு வாய்ப்பும், தாவும் பலகையின் (போர்டு) முன்கோட்டைக் கால் தாண்டியதால் ஃபவுல். மூன்றாவதில் பயந்துபோய், அந்தக் கோட்டுக்கு ஓர் அடி முன்பே கால் வைத்து 5.60தான் தாண்டினான். மனப்பயிற்சி உதவுமா?

பதில்: உதவும். ஆனால் முதலில் அளவு டேப்பை எடுங்கள். கோட்டுக்கு ஓர் அடி முன்பே கிளம்பியதில் போனது 30 செ.மீ. மட்டுமே, 5.90 வந்திருக்க வேண்டும். மீதி 30 செ.மீ. போனது, கடைசி எட்டுகளில் தயங்கி வேகத்தைக் குறைத்ததால்.

போட்டிப் பதற்றத்தில் எட்டு நீளும். 16 எட்டு ரன்-அப்பில் ஒவ்வொன்றும் 1 செ.மீ. கூடினாலே கால் 16 செ.மீ. முன்னே போய்விடும், போர்டின் அகலமே 20 செ.மீ.தான். பின்காற்று அடித்தாலும் இதே கதை. எனவே ஃபவுலானால் கால் எவ்வளவு தாண்டியது என்று கோச் பார்த்துச் சொல்லட்டும். 8 செ.மீ. என்றால் ஸ்டார்ட்டிங் மார்க்கை 10-15 செ.மீ. பின்னுக்கு நகர்த்தினால் போதும். ஓட்டத்தில் கை வைக்கக் கூடாது. இரண்டும் ஃபவுலானால் மூன்றாவதுக்கு மார்க் 20 செ.மீ. பின்னே, வேகம் முழுசாக. இதை வீட்டிலேயே முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும். மைதானத்தில் யோசித்தால் பயம்தான் முடிவெடுக்கும்.

உண்மையில் மனதைக் கெடுப்பது காத்திருப்பு. 20 பேர் இருந்தால் அடுத்த வாய்ப்புக்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை மற்றவர்களின் தூரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். தனக்கு முன் இரண்டு பேர் இருக்கும்போது எழுந்து, ஓரமாக இரண்டு சிறு ஓட்டம். பிறகு 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை விட வேண்டும்; மூன்று முறை. பெயர் கூப்பிட்டதும் கிடைப்பது ஒரு நிமிடம். அதில் மனதுக்குள் ஒரே சொல்: “முட்டியைத் தூக்கு” என்பதுபோல், செய்ய வேண்டியதைச் சொல்வதாக இருக்கட்டும்.

போட்டிக்கு முந்தைய நான்கு வாரமும், வாரம் ஒருநாள் ஒத்திகை வையுங்கள். மூன்றே தாண்டல், இடையே 20 நிமிடம், கோச் கையில் ஃபவுலைக் காட்டும் சிவப்புக் கொடி, சுற்றி நாலு பேர். ஃபவுலானால் இன்னொரு வாய்ப்பு கிடையாது. “சும்மா இன்னொண்ணு தாண்டுடா” என்று விட்டால் ஒத்திகை வீண்.

போட்டியன்று கேலரியிலிருந்து “போர்டைப் பாருடா” என்று மட்டும் கத்தாதீர்கள்.