ஹேண்டி ரைஃபிள்: வாசகர் கேள்விகள்

கே: எச்&ஆர் நிறுவனத்தின் பழைய ஹேண்டி ரைஃபிள் (கீலில் மடித்துத் திறந்து ஒரே ஒரு தோட்டா இடும் துப்பாக்கி) ஒன்று வாங்கினேன், .243 வின்செஸ்டர் தோட்டாவுக்கானது. முதல் குண்டு சரியாகப் படுகிறது. அடுத்தடுத்தவை மேலே ஏறிக்கொண்டே போகின்றன. குழலை மாற்றிவிடலாமா? (வாசகர், பென்சில்வேனியா)

ப: குழலைக் குறை சொல்லும் முன் முன்கட்டையைப் பாருங்கள். இந்த ரைஃபிளில் முன்கட்டை ஒரே திருகில் குழலின் அடியில் நிற்கிறது. மரம் ஈரத்தில் உப்பிக் குழலை அழுத்தும். குழல் சூடேறினால் அந்த அழுத்தம் மாறும், குண்டு விழும் இடமும் மாறும்.

குழலின் தோட்டா அறை காலியா என்று பார்த்துவிட்டு முன்கட்டையைக் கழற்றுங்கள். திருகு குழலில் ஏறும் இடத்தில் ஒரு ரப்பர் ஓ-ரிங் (சிறு வளையம்) வைத்து மறுபடி மாட்டுங்கள். குழலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள் துண்டு தடையில்லாமல் ஓட வேண்டும். முட்டினால் மரத்தின் உட்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, பாலியூரித்தேன் இரண்டு கோட் பூசுங்கள். திருகை ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இறுக்குங்கள். நசுங்கும்வரை முறுக்கினால் ஓ-ரிங் வைத்த பயனே போய்விடும்.

அடுத்தது, மூடிய குழலைப் பிடித்து நிறுத்தும் பூட்டுத் தாழ். தாழும் அது பிடிக்கும் குழலின் மேடையும் எண்ணெய் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். எண்ணெய் இருந்தால் தாழ் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆழத்தில் உட்காரும், சில சமயம் சுடும்போதே வழுக்கித் திறந்தும் விடும். கிரீஸ் கீல் ஊசிக்கு மட்டும் போதும், அதுவும் மெல்லியதாக. மூன்று குண்டு சுட்டபின் குழல் கைக்குச் சூடு தெரியாத அளவு ஆறட்டும். இத்தனையும் செய்தபிறகும் குண்டுகள் சிதறினால்தான் குழலைச் சந்தேகிக்கலாம்.

கே: அதே நிறுவனத்தின் 12 கேஜ் ஷாட்கன் என்னிடம் உண்டு. அதில் ரைஃபிள் குழல் மாட்டலாமா?

ப: வேண்டாம். 12 கேஜ் தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு சுமார் 11,500 பவுண்டு; .243-க்கு 60,000. ஷாட்கனின் சட்டம் (குழல் மாட்டும் உலோக உடல், எஸ்பி1 வகை) அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதல்ல, ரைஃபிள் குழல்களுக்கு எஸ்பி2 வகைச் சட்டம் வேண்டும். சட்டம் சரியானதாக இருந்தாலும் குழலைத் தனியாக வாங்கி அப்படியே மாட்டிவிட முடியாது, பூட்டுக்கு ஏற்றபடி பொருத்த வேண்டும். உற்பத்தி 2015-இல் நின்றது. சட்டத்தை அனுப்பினால் ஆலையே குழல் பொருத்தித் தந்த வசதியும் இப்போது இல்லை. அதனால் நல்ல துப்பாக்கி மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

கே: கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்க நினைக்கிறேன். எதை முதலில் செய்யலாம்?

ப: ஸ்கோப் மாட்டும் தளம். அதன் திருகுகளை எண்ணெய் போகத் துடைத்து, நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி இட்டு, 15 முதல் 20 அங்குல-பவுண்டு வரை இறுக்குங்கள். இது தளர்ந்திருந்தால் விலையுயர்ந்த ஸ்கோப்பும் வீண். ஸ்கோப் வந்தபின் சுத்தியலை, அதாவது அடித்துத் தோட்டாவை வெடிக்கவைக்கும் பாகத்தை, கட்டைவிரலால் இழுக்க இடம் போதாது. விரல் நழுவுவது ஆபத்து, ஆகவே பக்கவாட்டில் நீளும் சுத்தியல் நீட்சியை உடனே போடுங்கள்.

விசை (ட்ரிகர்) இழுக்கக் கனமாக இருந்தால் முதலில் கழுவிச் சுத்தம் செய்து பாருங்கள். சுத்தியல் ஸ்பிரிங்கை வெட்டவே கூடாது: அடி பலவீனமாகி, தோட்டாவின் அடியில் தீ மூட்டும் பிரைமர் வெடிக்காமல் நிற்கும். விசையும் சுத்தியலும் கவ்வும் முனைகளைத் தேய்ப்பது மெக்கானிக் வேலை.

தோளில் வைக்கும் பின்கட்டையைக் கடைசியில் மாற்றிக்கொள்ளலாம். அதன் பின்நுனியில் உள்ள ரப்பர் அட்டையைக் கழற்றினால் உள்ளே நீண்ட போல்ட் ஒன்று தெரியும், அதை அவிழ்த்தால் கட்டை கையோடு வந்துவிடும்.