ஏராவில் வெடிப்பு: பூசினால் போதுமா?

கேள்வி: 1979இல் கட்டிய கேட்டலினா 30 பாய்மரப் படகை வாங்கி ஒன்ராறியோ ஏரியில் ஓட்டுகிறேன். படகுக்கு அடியில் துடுப்புபோல இறங்கும் கனமான கீலின் முன்பக்கம், உடலோடு சேரும் இடத்தில் வில்லாக ஒரு வெடிப்பு. படகின் உள்ளே அடிப்பள்ளமான பில்ஜில் தினமும் ஒரு கோப்பைத் தண்ணீர் சேர்கிறது. சீலன்ட் பூசினால் போதுமா?
- வாசகர், டொரன்டோ

பதில்: போதாது. பூசினால் வெடிப்பு மறையும், தண்ணீர் உள்ளே நிற்கும். குளிரில் அது உறைந்து இடைவெளியை இன்னும் அகட்டும்.

கீலை எங்களூர்த் தச்சர்கள் ஏரா என்பார்கள். உங்கள் படகில் அது கிட்டத்தட்ட 1,900 கிலோ ஈயம். இந்த வெடிப்புக்கு உரிமையாளர்கள் வைத்த பெயர் ‘கேட்டலினா ஸ்மைல்’, அதாவது கேட்டலினாவின் சிரிப்பு. அந்தக் காலத்துப் படகுகளில், ஏரா பொருந்தும் அடிப்பகுதிக்குள் ஒட்டுப்பலகை வைத்திருந்தார்கள். அது நனைந்து மெத்தென்றானால், ஏராவை உடலோடு இறுக்கும் போல்ட்டுகளின் நட்டுகள் பிடிமானத்தை இழந்துவிடும்.

அக்டோபரில் படகைக் கரையேற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். படகு தூக்கும் பட்டியில் தொங்கும்போது வெடிப்பு அகன்று, தரையில் வைத்ததும் மூடினால் ஏரா தளர்ந்திருக்கிறது. பிறகு பில்ஜைத் துடைத்து, உணவுச் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றுங்கள். நான் பழுதுபார்த்த ஒரு படகில், மறுநாள் காலை வெடிப்பின் ஓரத்தில் சிவப்புத் துளிகள் வரிசையாக நின்றன. நட்டை முடுக்கினேன், இறுகாமல் சுற்றிக்கொண்டே போனது, வாஷர் பலகைக்குள் புதைந்தது. அந்த நிலையில் மேலும் முடுக்கக் கூடாது.

அப்படியானால் ஏராவைப் பிரித்தே ஆக வேண்டும். இது பட்டறைக்காரர் வேலை. ஏராவை முட்டுக்கொடுத்து நிறுத்தி, நட்டுகளைத் தளர்த்தி, உடலை மேலே தூக்குவார்கள். போல்ட்டுகளின் கழுத்தை நீங்களே டார்ச் அடித்துப் பாருங்கள். காற்றுப் படாத ஈரத்தில் துருப்பிடிக்காத எஃகும் அரிக்கும். உடுக்கை போல நடு மெலிந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஊறிய பலகையைச் சுரண்டி எடுத்து, எபாக்சியும் கண்ணாடி இழையும் நிரப்ப வேண்டும். நட்டுக்கு அடியில் சிறு வாஷர் வேண்டாம், அகன்ற தகடு போடுங்கள். இடையில் பசை வைத்து ஏராவை மறுபடி சேர்க்கும்போது நட்டுகளை மிதமாக முடுக்கி, பசை நன்றாக இறுகியபின் முழு அளவுக்கு முடுக்க வேண்டும்.

செலவு கூடத்தான். ஆனால் 2014இல் அட்லாண்டிக்கில் ‘சீக்கி ரஃபிகி’ என்ற படகின் ஏரா கழன்று நான்கு பேர் இறந்து போனார்கள். முன்பு தரைதட்டியதும் அதற்குச் செய்த பழுதுவேலையும் சேர்ந்து அதன் பிடிமானத்தைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்றது விசாரணை. விற்றவரிடம் தரைதட்டிய கதை உண்டா என்று கேளுங்கள்.

அக்டோபர் வரை பலத்த காற்றில் பாய் விரிக்காதீர்கள். பிள்ளைகளை ஏற்றவே வேண்டாம்.