பொம்மைப் படத்துக்கு அழலாமா?

வணக்கம் அக்கா,

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். மகள் நான்காம் வகுப்பு முடித்திருக்கிறாள், மகன் யூகேஜி. வெயிலில் வெளியே விட முடியாமல் போன வாரம் மூன்று பேரும் வீட்டிலேயே ‘மை நெய்பர் டோட்டோரோ’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படம் பார்த்தோம். அதில் வரும் அக்கா தங்கையில் சின்னவள் சோளக்கதிரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் இருக்கும் அம்மாவைத் தேடித் தனியாகக் கிளம்பும் இடத்தில் எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. “பொம்மைப் படத்துக்குப் போயி யாராச்சும் அழுவாங்களா?” என்றார் மாமியார். எனக்கே கூச்சமாகிவிட்டது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் அபாகஸ், நீச்சல், கீபோர்டு என்று போகிறார்கள். நான் படம் காட்டி லீவை வீணடிக்கிறேனா? பிள்ளைகளோடு வேறு என்ன செய்யலாம்?

ஒரு வாசகி

*

அன்புள்ள தோழிக்கு,

அழுததற்குக் கூச்சமே வேண்டாம். அந்தப் படத்தை எடுத்த ஹயாவோ மியாசாகியின் அம்மா, அவருடைய சிறுவயதில் பல வருடங்கள் காசநோயோடு படுக்கையில் இருந்தவர். அம்மா வீடு திரும்பும் நாள் தள்ளிப்போகிறது என்றால் ஒரு பிள்ளைக்கு என்ன ஆகும் என்று தெரிந்தவர் வரைந்த காட்சிக்குத்தான் நீங்கள் அழுதிருக்கிறீர்கள்.

1988இல் வந்த படம். ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. வில்லன் இல்லை, சண்டை இல்லை. பஸ் ஸ்டாப்பில் மழையில் அக்காவும் தங்கையும் அப்பாவுக்காகக் காத்திருக்கும் காட்சி எவ்வளவு நேரம் போகிறது, கவனித்தீர்களா? காட்டில் வாழும் டோட்டோரோ என்ற அந்தப் பெரிய உருவம் தலையில் ஓர் இலையோடு பக்கத்தில் வந்து நிற்கிறது. அக்காக்காரி ஒரு குடையைக் கொடுக்கிறாள். குடைமேல் மழைத்துளி விழும் சத்தம் அதற்குப் பிடித்துப்போகிறது. நம் ஊர்க் கோடை மழையில் தகரக் கூரைக்குக் கீழே நின்ற எல்லோருக்கும் அந்தச் சத்தம் தெரியும். அதற்காக இவ்வளவு நேரம் ஒதுக்கும் படங்கள் குறைவு.

எனக்கு அந்தப் படத்தில் மிகவும் பிடித்தவர் அப்பா. சின்னவள் புதருக்குள் புகுந்துபோய் டோட்டோரோவைப் பார்த்துவிட்டு வருகிறாள். திரும்ப வழிகாட்டச் சொன்னால் அவளால் முடியவில்லை. ‘பொய் சொல்லவில்லை’ என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறாள். அப்பா படித்தவர், பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர். அவர் சிரிக்கவும் இல்லை, சாட்சி கேட்கவும் இல்லை. ‘நீ காட்டுக்குச் சொந்தக்காரரையே பார்த்திருக்கிறாய், எல்லோருக்கும் அது கிடைக்காது’ என்கிற மாதிரி பேசி, இரண்டு பேரையும் அந்தப் பெரிய மரத்தடிக்குக் கூட்டிப்போய்க் கும்பிட வைக்கிறார். உங்கள் கேள்விக்கு என் பதில் அதுதான். பிள்ளைக்கு ஒன்று பிடித்தால் நாமும் அதை நம்பிக்கொண்டு கூடவே போக வேண்டும். நீங்கள் அழுதபோது அதைத்தான் செய்தீர்கள். அம்மாவுக்கும் இது நிஜம் என்று உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும்.

பெரியவர்களுக்கு ஒரு படம், குழந்தைகளுக்கு ஒரு படம் என்று பிரித்துப் பார்ப்பது உங்கள் ஊர்ப் பழக்கமே இல்லை. ஏற்காடு ரோட்டில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் வளைவைக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். டி.ஆர்.சுந்தரம் அங்கேதான் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ எடுத்தார். 1956இல் வந்த அதுதான் தமிழின் முதல் முழுநீளக் கலர்ப் படம். மந்திரம் சொன்னால் குகை திறக்கும் கதை! தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். ‘இது சின்னப் பசங்க படம்’ என்று எந்தப் பெரியவரும் வெளியே நிற்கவில்லை. உங்கள் மாமியாருக்கு அந்தப் படம் நிச்சயம் பிடித்திருக்கும், கேட்டுப் பாருங்கள். டோட்டோரோவில் ஓடைத் தண்ணீரில் வெள்ளரிக்காயைக் குளிரவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டி வருகிறார் அல்லவா, அந்த இடத்துக்கு மட்டும் மாமியாரைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். படம் முடிந்ததும் ‘இதிலிருந்து என்ன கத்துக்கிட்டே?’ என்று கேட்காதீர்கள். என் அக்கா பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை முகம் பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுகிறது. அவர்களாகவே இரண்டு நாள் கழித்துக் குளிக்கும்போதோ சாப்பிடும்போதோ அந்தப் படத்தைப் பற்றிப் பேசுவார்கள். அதுவரை பொறுத்திருக்கலாம்.

சரி, படம் தவிர என்ன செய்யலாம்? முடிந்துபோன வகுப்பு நோட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நோட்டின் வெளி மூலையில், ஒவ்வொரு தாளிலும் ஒரு பந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாற்றி வரையச் சொல்லுங்கள். கட்டை விரலால் படபடவென்று தாள்களை விட்டால் பந்து குதிக்கும். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள், அதாவது ஃப்ரேம்கள் ஓடுகின்றன. கையால் வரையும் படங்களில் பெரும்பாலும் ஒரே ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்கு வைத்துக்கொள்வார்கள். அப்படியும் விநாடிக்கு 12 ஓவியம் ஆகிறது. 60 தாள் வரைந்தால் ஐந்தே விநாடி! இதை நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம், நாலாம் வகுப்பு முடித்தவள் தானே கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பாள். அப்புறம் அந்தப் படத்தை இன்னொரு முறை பார்க்கும்போது, புல் அசைவதைக்கூட யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

ஏற்காட்டுக்கு ஒரு நாள் போய் வாருங்கள். மே மாதக் கோடை விழா, மலர்க் கண்காட்சி நாட்களில், அதுவும் சனி ஞாயிறில் வேண்டாம். மலைப்பாதையிலேயே பாதி நாள் போய்விடும். வார நாளில் காலை பஸ்ஸில் ஏறி, மகனை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணச் சொல்லுங்கள். சேலத்தைவிட ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம் என்பதால், ஏற ஏறக் காது அடைப்பதும் காற்று மாறுவதும் பிள்ளைகளுக்கே தெரியும். ஏரியில் படகு, லேடீஸ் சீட் எல்லாம் எல்லோரும் பார்ப்பதுதான். எனக்குப் பிடித்தது சேர்வராயன் கோயில் பக்கம் போகும் ரோடு. மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் நிழலில் காபிச் செடிகள். அங்கே உங்கள் மகன் ஏதாவது ஒரு புதரைக் காட்டி ‘உள்ளே இருக்கு’ என்று சொன்னால், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று இழுக்காமல் நீங்களும் குனிந்து பாருங்கள்.

வகுப்புகள் விஷயத்தில், நீச்சல் மட்டும் கண்டிப்பாகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பேன். உறவுக்காரர் ஊர்க் கிணறு, காவிரி என்று தண்ணீர்ப் பக்கம் போகிற பிள்ளைகள். அபாகஸும் கீபோர்டும் மகளே ஆசைப்பட்டுக் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். காலையில் ஒரு மணி நேரம் நீச்சல் போக மீதி நாள் முழுக்க உங்களுடையது. இப்போது மாம்பழ சீசன் வேறு. மல்கோவாவும் சேலம் குண்டும் வாங்கி வையுங்கள், சட்டை கறையானால் ஆகட்டும்.

அன்புடன்